42 ரீல் விட்ட சீமான்

கடல் கடப்பதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. சொந்த ஊரில் நம்மைத் தெரிந்தவர் எவரும் பின்னாலேயே நீந்தி வந்து காட்டிக்கொடுக்க மாட்டார். இந்தச் சௌகரியத்தை எரிக் ஸ்ட்ரோஹைம் அளவுக்கு அனுபவித்தவர் சினிமா சரித்திரத்தில் கிடையாது.

1885இல் வியன்னாவில் பிறந்தவர். அப்பா பென்னோ ஸ்ட்ரோஹைம், தொப்பி செய்து விற்ற யூத வியாபாரி. அம்மா ப்ராக் நகரத்துப் பெண். பையன் ஆஸ்திரிய ராணுவத்தில் சொற்ப காலம் இருந்தான், அதுவும் சரக்கு வண்டிப் பிரிவில். 1909 நவம்பரில் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் கப்பலைவிட்டு இறங்கியபோது அவன் பெயருக்கு நடுவில் ‘வான்’ என்று ஓர் ஒட்டு முளைத்திருந்தது. ஆஸ்திரியப் பிரபுக்கள் பரம்பரையாகப் போட்டுக்கொள்ளும் ஒட்டு. குடியேற்ற அதிகாரிகளுக்கு அதைப் பற்றி என்ன கவலை? போ என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு வருடத்துக்கு வருடம் வம்சம் வளர்ந்தது. அப்பா பிரபு ஆனார். அம்மா ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் அந்தப்புரத் தோழி ஆனார். இவர் குதிரைப்படை அதிகாரி ஆனார். முழுப்பெயர் எரிக் ஆஸ்வால்ட் ஹான்ஸ் கார்ல் மரியா வான் ஸ்ட்ரோஹைம் உண்ட் நோர்டன்வால். சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் எழுந்து நின்றுவிடுவார். தொப்பிக்கடை மட்டும் அட்லாண்டிக்கில் எங்கேயோ விழுந்து மூழ்கிவிட்டது. வியன்னாவின் பிறப்புப் பதிவேட்டை ஒருவர் புரட்டிப் பார்த்து விஷயம் வெளியே வந்தபோது, மனிதர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாழ்க்கை முழுக்க ரீல் விட்ட இந்த ஆசாமி, ஃபிலிம் ரீலில் மட்டும் ரீல் விடவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். படத்தில் பிரபு ஷாம்பெயின் குடித்தால் அது நிஜ ஷாம்பெயினாக இருக்கவேண்டும். வீடு என்றால் நிஜ வீடு, பாலைவனம் என்றால் நிஜப் பாலைவனம். அமெரிக்காவின் பெரிய பெரிய முதலாளிகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டது இந்த ஒரு பிடிவாதத்தால்தான்.

குழந்தையை வீசியவர்

அமெரிக்காவில் யாரும் சீமானுக்குச் சிம்மாசனம் போட்டு வைத்திருக்கவில்லை. ஊர் ஊராகச் சரக்கு விற்றுப் பார்த்தார். தாஹோ ஏரிப் பக்கம் கூலி வேலை பார்த்தார். ஒரு கல்யாணம் செய்து பார்த்தார், அதுவும் நிலைக்கவில்லை. 1914 வாக்கில் ஹாலிவுட்டில் துணை நடிகர்கள் வரிசையில் போய் நின்றார்.

அப்போது டி. டபிள்யூ. கிரிஃபித்தான் அங்கே பெரிய தலை. அவருடைய ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தில் கூரையிலிருந்து உருண்டு விழுந்தது நான்தான் என்று ஸ்ட்ரோஹைம் பின்னாளில் சொல்லிக்கொண்டார். வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் இதை நம்பத் தயங்குகிறார்கள். விழுந்ததைக்கூட நம்ப முடியாத அளவுக்கு ஆள் பேர் வாங்கியிருந்தார். ஆனால் கிரிஃபித்தின் பட்டறையில் எடுபிடியாக இருந்து தொழில் கற்றது நிஜம். ராணுவ உடுப்பு, பதக்கம், சல்யூட் இதிலெல்லாம் சந்தேகம் வந்தால் இவரைக் கேட்டார்கள். அரண்மனையில் வளர்ந்தவருக்குத் தெரியாதா?

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் குதித்தது. ஹாலிவுட்டுக்கு அவசரமாக ஜெர்மன் அரக்கர்கள் தேவைப்பட்டார்கள். மொட்டைத் தலை, ஒற்றைக் கண் கண்ணாடி, கஞ்சி போட்டதுபோல் விறைத்த கழுத்து என்று நம்மவர் தயாராக நின்றார். ‘தி ஹார்ட் ஆஃப் ஹியூமானிட்டி’ படத்தில் ஒரு நர்ஸைப் பலாத்காரம் செய்ய முயல்கிறார். பக்கத்தில் குழந்தை அழுகிறது. தொந்தரவு தாங்காமல் அதைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே வீசிவிட்டுத் தன் காரியத்தைத் தொடர்கிறார். தியேட்டரே கொதித்தது. ஸ்டுடியோக்காரர்கள் இவரை ஆசை தீர வெறுக்கத்தக்க மனிதர் என்று விளம்பரம் செய்தார்கள். மக்களும் காசு கொடுத்து, வரிசையில் நின்று வெறுத்தார்கள்.

1918 நவம்பரில் போர் முடிந்தது. உலகமே நிம்மதியாக மூச்சு விட்டது, ஒருவரைத் தவிர. சமாதானத்தால் வேலை போன வில்லன் அவர்.

சும்மாவே எடுத்துத் தருகிறேன்

யுனிவர்சல் கம்பெனி முதலாளி கார்ல் லெம்லே ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர், கறாரான சிக்கனக்காரர். அவரிடம் போய் ஸ்ட்ரோஹைம் ஒரு கதை சொன்னார். ஆல்ப்ஸ் மலைக்குச் சுற்றுலா வந்த அமெரிக்க டாக்டரின் மனைவியை, டாக்டர் கவனிக்காத நேரத்தில், ஓர் ஆஸ்திரிய அதிகாரி வளைக்கப் பார்க்கிறான். கதை எழுதியதற்குக் காசு வேண்டாம், இயக்கவும் காசு வேண்டாம், அதிகாரியாக நடிப்பதற்கு மட்டும் சம்பளம் கொடுங்கள் என்றார். சிக்கனக்காரர்களை வீழ்த்த ‘இலவசம்’ என்ற ஒரே அஸ்திரம் போதும். லெம்லே தலையாட்டினார்.

25,000 டாலரில் முடியும் என்று சொன்ன படம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. சும்மா கிடைத்த இயக்குநர் என்ன விலை என்று லெம்லேக்கு அன்றே புரிந்திருக்கும். படத்துக்கு ஸ்ட்ரோஹைம் வைத்த பெயர் ‘தி பினக்கிள்’. சிகரம் என்று பேர் வைத்தால் எவன் வருவான் என்று லெம்லே அதை ‘ப்ளைண்ட் ஹஸ்பெண்ட்ஸ்’ என்று மாற்றினார். முதல் படம் இன்னும் வெளியாகவே இல்லை, புது இயக்குநர் சினிமாப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து முதலாளியைக் கண்டித்தார். முதலாளி பதில் விளம்பரம் கொடுத்தார். பத்திரிகைக்காரருக்கு நல்ல லாபம்.

1919இல் வெளிவந்த படம் ஓடோ ஓடென்று ஓடியது. லெம்லே செய்த தப்பு, அந்தச் சந்தோஷத்தில் அடுத்தடுத்துப் படம் கொடுத்தது.

மூன்றாவது படம் ‘ஃபூலிஷ் வைவ்ஸ்’. மான்டி கார்லோவில் கதை நடக்கிறது. அதனால் ஸ்டுடியோவுக்குள் மான்டி கார்லோ கட்டப்பட்டது. சூதாட்ட மாளிகை, ஓட்டல், காபிக் கடை எல்லாம் நிஜ அளவில். கடலைப் பார்த்த பக்கத்தைக் கட்ட முந்நூறு மைல் வடக்கே மான்டரே கடற்கரைக்குப் போனார்கள். ஓட்டல் அறையில் அழைப்பு மணியை அமுக்கினால் அது அடிக்கவில்லை என்று இயக்குநர் படப்பிடிப்பை நிறுத்தினார் என்றொரு கதை ஹாலிவுட்டில் உலவியது. அது மௌனப் படம் என்பதை நினைவில் வைக்கவும்.

கதாநாயகன் கரம்சின் பிரபு வேடத்தில் அவரே நடித்தார். கரம்சின் யார்? கள்ள நோட்டு மாற்றிப் பிழைக்கிற, பெண்களை ஏமாற்றிக் காசு பறிக்கிற, ரஷ்யப் பிரபு என்று சொல்லிக்கொள்கிற போலி. அதாவது, தொப்பிக்கடைப் பையன் பிரபு வேடம் போட்டு, பிரபு வேடம் போடும் ஒரு பித்தலாட்டக்காரனின் வேடத்தைப் போட்டார். குற்ற ஒப்புதலை இத்தனை ஆடம்பரமாக, இத்தனை பெரிய செட் போட்டு யாரும் கொடுத்ததில்லை. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. போதாக்குறைக்கு, படத்தில் வரும் பெண்மணி உட்கார்ந்து படிக்கும் புத்தகத்தின் பெயர் ‘ஃபூலிஷ் வைவ்ஸ்’. எழுதியவர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம்.

செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அழுது என்ன பயன் என்று யுனிவர்சல் அதையே விளம்பரமாக்கியது. நியூயார்க்கில் பெரிய பலகை வைத்து, படத்துக்கு இதுவரை ஆன செலவை எழுதி, அவ்வப்போது ஏற்றிக்கொண்டே போனார்கள். ஸ்ட்ரோஹைம் பெயரில் முதல் எழுத்துக்குப் பதில் டாலர் குறியைப் போட்டார்கள். கடன்காரன் பெயரை நடுத்தெருவில் எழுதி ஒட்டுவதுபோலத்தான். இவரோ பெருமையாக எடுத்துக்கொண்டார்.

பொடியன் வந்தான்

இந்த நேரத்தில் லெம்லே தன் காரியதரிசியாக இருந்த பையன் ஒருவனை ஸ்டுடியோவுக்கு நிர்வாகி ஆக்கினார். பெயர் இர்விங் தால்பெர்க். செக்கில் கையெழுத்துப் போடக்கூடச் சட்டப்படி வயது போதாது. ஒல்லி, நோஞ்சான், பிறவியிலேயே இதயக் கோளாறு. இந்தப் பொடியன்தான் ஸ்ட்ரோஹைமுக்கு வாழ்நாள் சனி.

படத்தை நிறுத்து என்றான் பொடியன். நிறுத்த முடியாது, கதாநாயகன் நான், என்னை நீக்கினால் எடுத்ததெல்லாம் குப்பை என்றார் சீமான். வாதம் சரிதான். தால்பெர்க் யோசித்தார். ஆளை நீக்க முடியாது, கேமராவை நீக்கலாம். கேமராக்கள் ஸ்டுடியோவுக்குத் திரும்பின, படப்பிடிப்பு முடிந்தது. அதற்குள் 3,26,000 அடி எடுத்தாகிவிட்டது. ஆறு மணி நேரத்துக்கு மேல் நீளும் படத்தை இரண்டு மாலைகளாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஸ்ட்ரோஹைம் விரும்பினார். கம்பெனி கத்திரியை எடுத்தது.

அடுத்த படம் ‘மெர்ரி-கோ-ரவுண்ட்’. பொடியன் பாடம் கற்றிருந்தான். நீங்கள் இயக்கலாம், நடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். ஸ்ட்ரோஹைமுக்குச் சூட்சுமம் அப்போது உறைக்கவில்லை. ஆஸ்திரியப் பேரரசரின் மெய்க்காவலர்களாக வரும் துணை நடிகர்களுக்கு அரச முத்திரை பொறித்த பட்டு உள்ளாடை கேட்டார் என்பது அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் உலவிய கதை. யார் பார்க்கப் போகிறார்கள் என்றால், போட்டவனுக்குத் தெரியுமே என்பாராம். 1922 அக்டோபரில், படப்பிடிப்பு தொடங்கி ஆறு வாரத்தில், தால்பெர்க் கடிதம் கொடுத்து வெளியே அனுப்பினார். படத்தில் முகம் இல்லாதவரை நீக்குவது சுலபம். படத்தை ரூபர்ட் ஜூலியன் என்பவர் முடித்தார். இயக்குநரைத் தயாரிப்பாளர் வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஹாலிவுட் அன்றுதான் தெரிந்துகொண்டது. இந்த விஷயத்தில் ஸ்ட்ரோஹைம் முன்னோடி.

தங்கப் பல்லும் கத்திரியும்

பொடியன் தொல்லை விட்டது என்று கோல்ட்வின் கம்பெனிக்குப் போனார். ஃபிராங்க் நாரிஸ் 1899இல் எழுதிய ‘மெக்டீக்’ நாவலைப் படமாக்க உத்தரவு வாங்கினார். சான் ஃபிரான்சிஸ்கோவில் லைசென்ஸ் இல்லாமல் பல் பிடுங்கும் ஒரு முரடன், லாட்டரியில் 5,000 டாலர் விழுந்தபின் காசைப் பிடித்துக்கொண்டு செத்தாலும் செலவழிக்காத அவன் மனைவி, அந்தக் காசின் மேல் கண்வைத்த நண்பன். இந்த மூன்று பேரையும் பேராசை தின்று முடிப்பதுதான் கதை. படத்துக்குப் பெயரும் ‘கிரீட்’.

இந்தப் படத்தில் பிரபு கிடையாது, அரண்மனை கிடையாது. கந்தல், அழுக்கு, கசாப்புக் கடைச் சந்து. செலவு குறையும் என்று முதலாளிகள் நம்பியிருப்பார்கள். பாவம். ஏழையின் அறையிலும் அதே நிஜம் வேண்டும் என்று கேட்பார் என்று யார் கண்டார்கள்? சான் ஃபிரான்சிஸ்கோவில் பழைய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, நடிகர்களை அங்கேயே பழகவிட்டு, செட் போடாமல் எடுத்தார். திரையில் வரும் தங்கத்துக்கெல்லாம், பல்லிலிருந்து நாணயம் வரை, பிரதிகளில் மஞ்சள் சாயம் ஏற்ற வைத்தார்.

கதை மரணப் பள்ளத்தாக்கில் முடிகிறது. பாலைவனக் காட்சி என்றால் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் ஆக்ஸ்நார்ட் மணல்மேடுகளில் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவது அன்றைய வழக்கம். ஸ்ட்ரோஹைம் நிஜ மரணப் பள்ளத்தாக்குக்கே போனார், அதுவும் 1923 ஆகஸ்ட் மாதத்தில். நிழலிலேயே 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் இடம். கேமராவுக்கு ஐஸ் துண்டு சுற்றிக் குளிர்ச்சி காட்டினார்கள். நடிகர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. போன 43 பேரில் 14 பேர் நோயில் விழுந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நண்பனாக நடித்த ஜீன் ஹெர்ஷோல்ட் பன்னிரண்டு கிலோ இளைத்து ஆஸ்பத்திரியில் படுத்தார். உச்சக்கட்டச் சண்டையில் கிப்ஸன் கௌலண்டும் அவரும் ஒருவரையொருவர் அடித்துப் புரளும்போது, என்னை எப்படி வெறுக்கிறீர்களோ அப்படி ஒருவரையொருவர் வெறுங்கள் என்று இயக்குநர் கத்தினாராம். நடிப்புச் சொல்லித் தருவதில் இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. அந்தக் காட்சியை இன்று பார்த்தாலும் நாக்கு வறளும்.

எடுத்தது 4,46,103 அடி. நீட்டிப் போட்டால் 136 கிலோமீட்டர். அதை இயக்குநர் மனசைக் கல்லாக்கிக்கொண்டு 42 ரீலாகச் சுருக்கினார். ஒன்பது மணி நேரம் ஓடும். 1924 தொடக்கத்தில் சில நண்பர்களையும் பத்திரிகைக்காரர்களையும் உட்கார வைத்துக் காட்டினார். பார்த்தவர்களில் சிலர் இதுபோல் ஒரு படம் வந்ததில்லை என்று எழுதினார்கள். எழுந்து நடக்க முடிந்ததும் எழுதியிருப்பார்கள்.

கம்பெனி மிரண்டது. அவரே 24 ரீலுக்குக் கொண்டுவந்தார். இதற்குமேல் என் கை வராது என்று நண்பர் ரெக்ஸ் இங்ரமிடம் கொடுத்தார். இங்ரம் 18 ரீலாக்கி, இனி ஓர் அடி வெட்டினாலும் உன்னோடு பேசமாட்டேன் என்று தந்தி அடித்தார்.

அந்தச் சமயத்தில்தான் விதி சிரித்தது. 1924 ஏப்ரலில் கோல்ட்வின் கம்பெனி வேறு இரண்டு கம்பெனிகளோடு இணைந்து எம்ஜிஎம் ஆனது. புதுக் கம்பெனியின் ஸ்டுடியோவுக்குத் தலைவர் லூயி பி. மேயர். தயாரிப்புப் பொறுப்பாளர் யார் என்று பார்த்தால், இர்விங் தால்பெர்க். பொடியனுக்குப் பயந்து ஓடிவந்த இடத்துக்குப் பொடியன் முதலாளியாக வந்து உட்கார்ந்திருந்தான்.

படம் 10 ரீலானது. டிசம்பரில் வெளியாகி, கம்பெனியின் கையைக் கடித்தது. மிச்ச ஃபிலிமை வெள்ளிச் சத்துக்காக எரித்துவிட்டார்கள் என்று ஸ்ட்ரோஹைம் கடைசி வரை புலம்பினார். நாவலையும் படிக்காமல், திரைக்கதையையும் படிக்காமல், தலையில் தொப்பியைத் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் ஆள் என் படத்தை வெட்டினான் என்றும் திட்டினார். வசவிலாவது அப்பாவின் தொழிலுக்கு ஓர் இடம் கிடைத்தது.

இரண்டு ‘வான்’கள்

அதே மேயர், அதே தால்பெர்க், மறுபடியும் அதே ஸ்ட்ரோஹைம். ‘தி மெர்ரி விடோ’ என்ற படத்துக்காகச் சேர்ந்தார்கள். மனிதர்களுக்குச் சில விஷயங்கள் ஒருமுறை பட்டால் புத்தி வராது. பேச்சுவாக்கில் ஸ்ட்ரோஹைம் பெண் இனத்தையே இழிவாக ஒரு வார்த்தை சொல்ல, தாயைத் தெய்வமாகக் கும்பிடும் மேயர் ஒரே குத்தில் அவரைச் சாய்த்தார். கதாநாயகி மே முர்ரே படப்பிடிப்பில் எல்லார் முன்னாலும் அழுக்கு ஜெர்மன் என்று கத்த, இயக்குநர் வெளியேறினார். துணை நடிகர்கள் அவர் வந்தால்தான் வேலை என்று நின்றுவிட்டார்கள். மரணப் பள்ளத்தாக்கில் வாட்டியவர் பக்கம் தொழிலாளிகள் ஏன் நின்றார்கள் என்றால், அவர் வாட்டும்போது தன்னையும் சேர்த்தே வாட்டிக்கொள்வார். வெறும் மேற்பார்வை முதலாளி இல்லை.

படத்தில் ஒரு கிழட்டுப் பிரபு வருகிறார். அவர் அலமாரி நிறையச் செருப்பும் ஷூவுமாக இருக்கும் காட்சியைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்த தால்பெர்க், இதென்ன என்றார். இந்தப் பாத்திரத்துக்குக் காலடி மேல் மோகம் என்றார் இயக்குநர். உங்களுக்கு ஃபிலிம் அடி மேல் மோகம் என்றார் தால்பெர்க். இருவருக்கும் இடையில் நடந்த எல்லாச் சண்டைகளிலும் பொடியன் சுத்தமாக ஜெயித்தது இதில்தான். 1925இல் வந்த படம் வசூலில் சக்கைப் போடு போட்டது. ஆகவே ஸ்ட்ரோஹைமால் பணம் பண்ணும் படமும் எடுக்க முடியும். ஆசைப்படவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து ‘தி வெட்டிங் மார்ச்’. வியன்னாவின் புனித ஸ்டீபன் தேவாலயத்தின் முகப்பைக் கட்டினார். இரவுக் காதல் காட்சிக்காக ஆப்பிள் மரத்தில் ஆயிரக்கணக்கான பூக்களைக் கையால் செய்து ஒவ்வொன்றாகக் கம்பியில் கட்ட வைத்தார். நிஜம் கேட்பவர் பூவில் மட்டும் எப்படிச் சமரசம் செய்தார் என்று தெரியவில்லை. ஆப்பிள் மரம் அவர் உத்தரவுக்குப் பணியவில்லை போலிருக்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் கரைந்ததும் படப்பிடிப்பு நிறுத்தப்பட்டது.

படத்தை வெளியிட்ட பாரமவுண்ட் கம்பெனி அதை வெட்ட யாரிடம் கொடுத்தது தெரியுமா? ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க்கிடம். அவரும் வியன்னாவில் பிறந்தவர். அவரும் ஏழை யூதக் குடும்பம். அவருக்கும் நடுவில் இருந்த ‘வான்’ ஒட்டுப் போட்டதுதான். ஒரு போலிப் பிரபுவின் படத்தை இன்னொரு போலிப் பிரபு வெட்டும் காட்சியை ஹாலிவுட்டில் எந்தத் திரைக்கதாசிரியரும் எழுதத் துணிந்திருக்க மாட்டார். படம் இரண்டு பாகமானது. இரண்டாம் பாகத்தின் கடைசிப் பிரதி பின்னாளில் பாரிஸில் எரிந்துபோனது.

பிறகு ‘குயின் கெல்லி’. தயாரிப்பாளரும் கதாநாயகியும் குளோரியா ஸ்வான்ஸன், அன்றைய உச்ச நட்சத்திரம். பணம் போட்டவர் ஜோசஃப் கென்னடி, பின்னாளில் ஜனாதிபதி ஆன ஜான் கென்னடியின் அப்பா. கன்னிமாடத்துப் பெண் ஒருத்தி ஆப்பிரிக்காவில் ஒரு விபசார விடுதிக்கு வாரிசாகப் போகிறாள். கிழவன் ஒருவனோடு அவளுக்குக் கல்யாணம். மோதிரம் போடும்போது புகையிலை எச்சில் அவள் கையில் வடிய வேண்டும் என்று இயக்குநர் சொல்லிக்கொடுத்தார், கிழவனாக நடித்த டல்லி மார்ஷல் வடித்தார். ஸ்வான்ஸன் கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய்க் கென்னடிக்கு ஃபோன் போட்டார். 1929 ஜனவரியில் அதுவும் நின்றது. கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும் முடிவு மட்டும் மாறவில்லை.

வயிற்றுக்குள்ளிருந்து பேசியவர்

அதற்குள் சினிமா பேச ஆரம்பித்துவிட்டது. இயக்குநராகப் பேச வாய்ப்பில்லாத ஸ்ட்ரோஹைம், ‘தி கிரேட் கேபோ’ படத்தில் பொம்மையை மடியில் வைத்து வயிற்றிலிருந்து பேசும் கலைஞனாக நடித்தார். 1932இல் ‘தி லாஸ்ட் ஸ்க்வாட்ரன்’ படத்தில் இன்னும் பொருத்தமான வேடம். காட்சி நிஜமாக வரவேண்டும் என்பதற்காக விமானச் சாகசக்காரர்களைச் சாகவிடும் கொடுமைக்கார இயக்குநர். ஹாலிவுட் அவரை அவர் கையாலேயே கேலிச் சித்திரம் வரைய வைத்துக் கூலியும் கொடுத்தது.

ஃபாக்ஸ் கம்பெனிக்கு அவர் இயக்கிய ஒரே பேசும் படத்தை வேறு ஆட்களை வைத்துத் திருத்தி, ‘ஹலோ, சிஸ்டர்!’ என்று பேர் மாற்றி, இயக்குநர் பெயரே இல்லாமல் 1933இல் வெளியிட்டார்கள். அதோடு இயக்கம் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 47. மிச்சமிருந்த 24 வருடங்களில் ஒரு படம்கூட இயக்கவில்லை. எம்ஜிஎம்மில், ஆமாம் அதே எம்ஜிஎம்மில், வாரச் சம்பளத்துக்குத் திரைக்கதைப் பிரிவில் உட்கார்ந்தார்.

காப்பாற்றியது பிரான்ஸ். அங்கே ழான் ரெனுவார் என்ற இயக்குநர் ‘ஃபூலிஷ் வைவ்ஸ்’ படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் சினிமாவுக்கே வந்தவர். 1937இல் ‘லா கிராண்ட் இல்யூஷன்’ படத்தில் தன் ஆதர்ச நாயகனை ஜெர்மன் பிரபு ரௌஃபென்ஸ்டைனாக நடிக்க அழைத்தார். வந்த வேகத்தில் ஸ்ட்ரோஹைம் சண்டை பிடிக்க, ரெனுவார் அழுதேவிட்டார். அதைப் பார்த்து ஸ்ட்ரோஹைமும் அழுதார். இனிமேல் சொன்னபடி கேட்கிறேன் என்று சத்தியம் செய்தார், காப்பாற்றவும் செய்தார். தால்பெர்க் ஒருமுறை அழுது பார்த்திருக்கலாம்.

முறிந்த முதுகோடு, கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் அந்தப் பிரபுவை உலகம் மறக்கவில்லை. ஆனால் ரெனுவார் எழுதிவைத்த ரகசியம் ஒன்று உண்டு. ஆஸ்திரியச் சீமானுக்கு ஜெர்மன் மொழி தடுமாற்றம். பள்ளிக்கூடப் பையன் மாதிரி வசனத்தை மனப்பாடம் செய்தாராம். வியன்னாவில் வளர்ந்த பில்லி வைல்டரோ, அவர் உச்சரிப்பைக் கேட்டதும் அது எந்த ஏழைப் புறநகர்ப் பேச்சு என்று கண்டுகொண்டார். பிறப்புப் பதிவேட்டுக்கு முன்பே நாக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டு பேரும் ஊரைக் கூட்டவில்லை. நல்ல நடிகனின் நடிப்பை நடுவில் நிறுத்துவது அநாகரிகம் என்று நினைத்திருக்கலாம்.

1943இல் வைல்டர் இயக்கிய ‘ஃபைவ் கிரேவ்ஸ் டு கெய்ரோ’ படத்தில் ஸ்ட்ரோஹைம் ஜெர்மன் தளபதி ரோமல். கழுத்தில் தொங்கும் லைக்கா கேமராவுக்குள் நிஜ ஃபிலிம் போட்டிருக்க வேண்டும் என்றார். உள்ளே ஃபிலிம் இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியப்போகிறது என்றார் வைல்டர். பொருள் நிஜமா பொய்யா என்று பார்க்கிறவனுக்கு உள்ளூரத் தெரிந்துவிடும் என்றார் ஸ்ட்ரோஹைம். ஆளே பொய் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது என்பதில் அவருக்கு எத்தனை நம்பிக்கை!

1950இல் அதே வைல்டரின் ‘சன்செட் பூல்வார்ட்’. மறக்கப்பட்ட மௌனப்பட நாயகியாக குளோரியா ஸ்வான்ஸன். அவருடைய வீட்டு வேலைக்காரர் மாக்ஸ், முன்னொரு காலத்தில் கிரிஃபித்துக்கும் டிமில்லுக்கும் சமமாகப் பேசப்பட்ட இயக்குநர். நடித்தவர் ஸ்ட்ரோஹைம். நாயகி தன் பழைய படத்தைப் போட்டுப் பார்க்கும் காட்சியில் திரையில் ஓடுவது ‘குயின் கெல்லி’, ஸ்வான்ஸன் ஃபோன் போட்டு நிறுத்திய அதே படம். மாக்ஸ் அந்த அம்மாவின் கார் ஓட்டவேண்டும். ஸ்ட்ரோஹைமுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கயிறு கட்டி இழுத்தார்கள். அப்படியும் பாரமவுண்ட் வாசல் கதவில் மோதினார் என்று வைல்டர் சொல்லிச் சிரிப்பார். நிஜத்துக்காக உயிரை விட்டவர், காரை மட்டும் நிஜமாக ஓட்டவில்லை.

அந்த வேடத்துக்குத் துணை நடிகர் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை வந்தது, விருது வரவில்லை. ஆஸ்கர் அமைப்பு சிறந்த தயாரிப்பாளர்களைக் கௌரவிக்க ஒரு தனி விருது வைத்திருக்கிறது. அதன் பெயர் இர்விங் தால்பெர்க் நினைவு விருது. வெட்டியவர் பெயரில் விருது உண்டு. வெட்டுப்பட்டவருக்கு பிரெஞ்சு அரசாங்கம் 1957இல், சாகக் கிடந்தபோது, லெஜியன் டி’ஹானர் கொடுத்தது. மே 12ஆம் தேதி பாரிஸுக்குப் பக்கத்தில் மோர்பா என்ற ஊரில் காலமானார். அடுத்த வருடம் பிரஸ்ஸல்ஸில் உலகின் மிகச் சிறந்த பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்தபோது ‘கிரீட்’ அதில் இருந்தது, வெட்டி எறிந்தது போக மிஞ்சிய 10 ரீலோடு.

தால்பெர்க் செய்தது தப்பா? 1924இல் ஒன்பது மணி நேரப் படத்தை எந்தத் தியேட்டர்காரர் போடுவார், எந்தக் குடும்பம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து உட்காரும்? பொடியனின் கணக்கும் சரிதான். ஆனால் இன்று ஒரு சனி ஞாயிறில் வெப் சீரிஸ் ஒன்றின் ஒன்பது மணி நேரத்தையும் பாயில் படுத்தபடியே முடித்துவிட்டு, அடுத்த சீசன் எப்போது என்று கேட்கிறோம். 1943இல் முதன்முதலாகச் சந்தித்தபோது வைல்டர் மரியாதையாகச் சொன்னாராம், நீங்கள் உங்கள் காலத்துக்குப் பத்து வருடம் முந்திப் பிறந்தவர் என்று. ஸ்ட்ரோஹைம் திருத்தினார்: இருபது. தன்னைப் பற்றி எதையும் கூட்டியே சொன்ன மனிதர் வாழ்நாளில் குறைத்துச் சொன்ன ஒரே கணக்கு அதுதான்.